கமலநாதன் அண்ணன் பிடித்த உருண்டை

எங்கள் அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் குடியிருக்கும் கமலநாதன் அண்ணனைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் கண்டதே இல்லை. நான் கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறவள். விடிந்தால் வேன் நிறையப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்குப் பிடிவாதம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த வானரங்களைக்கூட ஓர் ஐஸ்கிரீமைக் காட்டி வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். இந்த மனுஷரை முடியவே முடியாது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். கப்பலிலிருந்து கண்டெய்னர் பெட்டியைத் தூக்கி லோரியில் இறக்குகிற வேலை. அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் முகம் மலரும். “பெட்டி உக்கார்றது லோரிக்காரனுக்கே தெரியக்கூடாது வாணி. அவன் பாட்டுக்கு போனப் பாத்துக்கிட்டு இருப்பான். நான்தான் ஹார்ன் அடிச்சி, கெளம்புய்யான்னு சொல்லணும்” என்பார். மனைவி சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. அம்மா கடைசிவரை இவரோடுதான் இருந்தார். அம்மாவும் போன பிறகு சொந்தம் என்று மிச்சம் இருப்பது செந்தூலில் இருக்கும் தங்கை வள்ளியம்மா ஒருத்திதான்.

ஓய்வு பெற்ற மறு வருஷமே பக்கவாதம் வந்து வலது பக்கத்தை முடக்கிப் போட்டுவிட்டது. குழறிய பேச்சு தெளிந்தது. கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்குத் தேறியது. தோளும் முழங்கையும் பாதி திரும்பின. கை மட்டும் திரும்பவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டு, எதையோ ஒளித்து வைத்திருக்கிற மாதிரி மூடியே கிடந்தன.

அதற்குப் பிறகு அவர் யார் முன்னாலும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கீழே கோப்பிக் கடைக்கு வருவார், கோப்பி மட்டும் குடிப்பார். சோறு என்றால் பொட்டலம் கட்டச் சொல்லி மேலே எடுத்துப் போய்விடுவார். கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானம் எதற்கும் கிடையாது. பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம் காய்ச்சல், மழை, கால் வலி என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார். போகப் போகப் பத்திரிகை வருவதும் நின்றது. சாயங்காலம் நான் வேனை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தால், எட்டாவது மாடி நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நிற்பார். நான் கையைத் தூக்கிக் காட்டினால் இடது கையைத் தூக்குவார். என்ன மனுஷன் இவர், இப்படித் தன்னைத் தானே பூட்டிக்கொள்கிறாரே என்று எனக்குக் கோபம் வரும்.

ஷா ஆலமில் ஒரு மறுவாழ்வு மையத்தில் கைக்கு மின்சாரம் வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று அவருடைய டாக்டர் சொல்லியிருந்தார். அழைத்துப் போக ஆள் இல்லை என்று சொல்லி அதையும் தட்டிக் கழிக்கப் பார்த்தார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மத்தியானம்வரை என் வேன் சும்மாதான் நிற்கிறது. “கெளம்புங்கண்ணே. கதை விடாதீங்க” என்று நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன்.

அங்கே ஜனனி என்று ஒரு சின்னப் பெண், பிசியோதெரபிஸ்ட். முழங்கைக்குக் கீழே பசைத்தாள் மாதிரி இரண்டு மூன்று பட்டைகளை ஒட்டி, ஒயரை ஒரு சின்னப் பெட்டியில் மாட்டினாள். பெட்டியில் ஒரு பொத்தான், பக்கத்தில் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு. மின்சாரத்தை வைத்தால் அண்ணன் “ஸ்ஸ்” என்றார். ஊசி குத்துகிறதாம், விரல் அசையவில்லை. ஜனனி மறுபடி ஒட்டினாள். மறுபடி ஊசி. பட்டையைப் பிரித்துப் பார்த்தால் அதன் பசைமேல் வெள்ளை வெள்ளையாய் மூன்று கோடு.

“என்ன அங்கிள் இது, பவுடர் போட்டீங்களா?”

“பவுடரா? திருநீறும்மா. நல்ல காரியத்துக்கு வரோம்ல.”

மனுஷர் குளித்து முழுகி, நெற்றி, மார்பு, இரண்டு கை என்று ஒரு இடம் விடாமல் பூசிக்கொண்டு வந்திருக்கிறார்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஜனனி ஈரத்துணியை எடுத்தால் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். திருநீற்றைத் துடைப்பதாவது! கடைசியில் நான் அதைத் தொட்டு அவர் இடது கையில் பூசிவிட்ட பிறகுதான் சம்மதித்தார். அன்றிலிருந்து வலது கைக்கு மட்டும் திருநீறு இல்லை. “முருகன் கோவிச்சிக்க மாட்டாரு. ஒரு கைதானே” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

தோலைச் சுத்தம் செய்து ஒட்டி ஜனனி பொத்தானை அமுக்கியதும், அவ்வளவு நாள் மூடிக் கிடந்த விரல்கள் தாமாக விரிந்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரோ திறந்துவிடுற மாதிரி இருக்கும்மா. என் கை மாதிரி இல்ல” என்றார்.

“மொதல்ல அப்படித்தான் இருக்கும் அங்கிள்” என்றாள் ஜனனி. மின்சாரம் நேராகத் தசையை இழுப்பதில்லையாம். தசைக்குப் போகிற நரம்பைத் தட்டி எழுப்புகிறதாம்; நரம்புதான் தசையை இழுக்குமாம். ஒருமுறை அமுக்கினால் விரல் விரியும், இன்னொரு முறை அமுக்கினால் மடங்கும். திருகைக் கூட்டினால் பிடி இறுகும்.

கேட்க லேசாகத்தான் இருந்தது. பிடியின் அளவில்தான் வந்தது வம்பு. திருகு கீழே இருந்தால் கை செத்த கைதான். துளி கூட்டினால் ஒரே அடியாகப் பாய்ந்து மூடும். காகிதக் கோப்பை நசுங்கியது. முறுக்கு தூளானது. முட்டை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தால், அது என் புது பஞ்சாபி உடையில் தெறித்தது. செத்த கைக்கும் பாய்கிற கைக்கும் நடுவே கொஞ்சூண்டு இடம் இருந்தது. அண்ணன் கிரேன்காரர் அல்லவா, நாக்கைக் கடித்துக்கொண்டு இடது கையால் திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி அந்த இடத்தைத் தேடிக்கொண்டே இருந்தார்.

இன்னொரு தொல்லை, கை சீக்கிரமே களைத்துவிடும். கொஞ்ச நேரம் நன்றாகப் பிடிக்கும், பிறகு என்ன திருகினாலும் கேட்காது. முக்கியமாக விரிய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஜனனி அதற்கும் காரணம் சொன்னாள். “நம்ம மூளை வேலை வாங்கும்போது கொஞ்சம் தசைய இழுக்கும், கொஞ்சத்துக்கு ஓய்வு குடுக்கும், மாத்தி மாத்தி விடும். மெஷினுக்கு அது தெரியாது அங்கிள். எல்லாத்தையும் ஒண்ணா எழுப்பிடும்.”

“ஷிப்டு இல்லாம எல்லாத்தையும் ஒரே நேரத்துல வேலைக்கு விடுறது. புரியுது” என்றார் அண்ணன். “அப்புறம் ராத்திரிக்கு ஆள் இருக்காது.”

பெட்டியை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு சாயங்காலம் பூசணிக்காய் பிரட்டல் வைத்திருந்தேன். ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு மேலே போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. மேசையில் ஒரு சட்டி சோறு. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, பட்டையும் ஒயருமாக உட்கார்ந்து சோற்று உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்தில், ஆள் இல்லாத நாற்காலிக்கு முன்னால், ஒரு தட்டு. பிடித்த உருண்டையைக் கையை நீட்டி அந்தத் தட்டில் வைக்கிறார். ஒன்று வைத்ததும் உதிர்கிறது. இன்னொன்று விரலிடுக்கில் பிதுங்கி மேசையெல்லாம் சிதறுகிறது.

“யாருக்குண்ணே?” என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். “யாருக்கும் இல்ல. பழகுறேன். சோறு இன்னைக்குக் கொழஞ்சி போச்சி.”

கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே கதவைச் சாத்தித் தாழ் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு தட்டில் கரண்டி படுகிற சத்தம். எதிர்த் தட்டில் வைத்ததையெல்லாம் இடது கையால் அவரேதான் தின்றுகொண்டிருக்கிறார் என்று புரிந்தது. லிப்டுக்குக் காத்திருந்த நேரத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

விஷயம் என்னவென்று, ஒரு மழை நாளில் ஃபெடரல் ஹைவேயில் வண்டி நகராமல் நின்றபோதுதான் சொன்னார்.

தீபாவளிக்கு முதல் நாள் செத்துப்போனவர்களுக்குப் படையல் போடுவோம் இல்லையா, அவர்கள் வீட்டில் அது தங்கை வீட்டில்தான் நடக்கும். அம்மாவுக்குப் பிடித்த ஆட்டிறைச்சிப் பிரட்டல், நெத்திலி சம்பல், கருவாட்டுக் குழம்பு எல்லாம் இலையில் வைத்துச் சூடம் காட்டியதும், மூத்த பிள்ளை அந்த இலைச் சோற்றைப் பிசைந்து ஆளுக்கு ஓர் உருண்டை கொடுக்க வேண்டும். அதைத் தின்ற பிறகுதான் மற்றவர்கள் பந்தியில் உட்காரலாம். அம்மா போனதிலிருந்து இவர்தான் கொடுத்து வந்தார். பக்கவாதம் வந்த வருஷமும் போயிருக்கிறார். வலது கை விழுந்துவிட்டதே, தங்கைதானே, இதில் என்ன இருக்கிறது என்று இடது கையால் பிசைந்து நீட்டியிருக்கிறார்.

“வள்ளி கைய நீட்டிக்கிட்டுத்தான் இருந்தா. என் இடது கையப் பாத்ததும் சட்டுனு இழுத்துக்கிட்டா. ஒரு நொடிதான் வாணி. ஒடனே திரும்ப நீட்டிட்டா, வாங்கித் தின்னுட்டா. ஆனா இழுத்தத நான் பாத்துட்டேனே.”

“அதுக்காகவா இத்தன வருஷமா அந்த வீட்டுப் பக்கமே போகல?”

“இடது கையால அம்மா சோத்தக் குடுத்தது என் தப்புலா. வலது கை வந்தா போறேன்.”

“ஏன் இழுத்தேன்னு தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டா அழுவா. அழ வெக்கிறதுக்கா கேக்கணும்?”

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணனும் தங்கையும் போனில் பேசுவார்கள். அங்கே மழையா, இங்கே மழையா, சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். அவ்வளவுதான். இதை மட்டும் இரண்டு பேரும் தொடவே மாட்டார்களாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் முன்னால் நின்ற காருக்கு வேண்டாத ஹார்ன் அடித்தேன்.

இந்த வருஷம் தீபாவளி நெருங்கியபோது கை ஓரளவு பேச்சுக் கேட்க ஆரம்பித்திருந்தது. உதிராமல், பிதுங்காமல் உருண்டை பிடித்தார். தங்கைக்குப் போன் போட்டு, “படையலுக்கு வரேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ஜனனியிடம் கடைசியாகப் போனபோது அவள் படித்துப் படித்துச் சொன்னாள். “அன்னைக்கு நேரா அங்க போய்த்தான் மெஷினப் போடணும் அங்கிள். காலைல தொடவே கூடாது. கைக்கு ஓய்வு வேணும்.” இவர் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார்.

அன்று வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டையோடு வேனில் ஏறினார். சிக்னலில் நின்றபோது பார்க்கிறேன், சட்டைக் கை மடிப்பில் ஒரு சோற்றுப் பருக்கை.

“அண்ணே. காலைல பழகினீங்களா?”

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “சும்மா ஒண்ணு ரெண்டு.”

“அண்ணே!”

“மொத உருண்டை சரியா வரல. சரியா வர்ற வரைக்கும் பிடிக்கலாம்னு பாத்தேன். விடிஞ்சிப் போச்சி.”

செந்தூல் வரைக்கும் திட்டிக்கொண்டே போனேன். அவர் வலது கையை மடியில் வைத்து இடது கையால் தடவிக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

கதவைத் திறந்தது வள்ளியம்மா. அண்ணனைப் போலவே நெடுநெடுவென்று இருந்தார். அண்ணனைப் பார்த்ததும் “வாங்கண்ணே” என்றார். அவருடைய கணவர் ரெங்கசாமிதான் “வாங்க மச்சான், வாம்மா, உக்காருங்க” என்று வீடு முழுக்கக் கேட்கும்படி பேசினார். வள்ளியம்மா விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்விட்டார்.

அம்மா அப்பா படத்துக்கு முன்னால் ஒரே ஒரு தலைவாழை இலை. சாப்பாட்டு மேசையிலோ இலை இல்லை. பீங்கான் தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் ஒரு கரண்டி. எனக்கு வாய் சும்மா இருக்காது.

“என்ன அங்கிள், படையல் சோத்துக்குக் கரண்டியா? கல்யாண டின்னர் மாதிரி இருக்கு.”

ரெங்கசாமி சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அது அவ சட்டம்மா. மச்சான் வராம போன அந்த வருஷத்துலேர்ந்து இந்த வீட்டுல படையலன்னைக்கு யாரும் கையால சாப்பிடக்கூடாது. எல்லார் கையிலயும் கரண்டி இருந்தா எந்தக் கைன்னு யாரு பாக்கப் போறான்னு சொல்லுவா. மச்சானுக்கும் ஒரு தட்டு வெப்பா. மச்சான் வரமாட்டாரு. நாங்க கரண்டியால தின்னுட்டு எழுந்திருவோம். அம்மா எலைய யாரையும் தொட விடமாட்டா, அப்படியே கொண்டுபோய்க் காக்காய்க்கு வெச்சிருவா.”

“போன்ல சொல்லியிருக்கலாமே!”

“நானும் அதத்தான் கேட்டேன். ‘ஒங்க கைக்காகக் கரண்டி வெச்சிருக்கேன், வாங்கண்ணேன்னு எந்த வாயால சொல்றது’ன்னு என்னையத்தான் கடிச்சா.”

கமலநாதன் அண்ணன் ரெங்கசாமிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். மேசைக்குப் போய், அந்தக் கரண்டிகளில் ஒன்றை இடது கையால் எடுத்துப் பார்த்தார். வைத்துவிட்டார். கிள்ளானில் தாழ் போட்ட கதவுக்குப் பின்னால் ஒரு தட்டு, செந்தூலில் ஆள் வராத ஒரு தட்டு என்று இரண்டும் என் கண்ணில் வந்து நின்றன. இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கன்னத்தில் ஆளுக்கு ஓர் அறை விடலாம் போல இருந்தது.

சூடம் காட்டினார்கள். இலையைத் தூக்கி ஒரு முக்காலிமேல் வைத்து, அவருக்கு நாற்காலி போட்டார்கள். சட்டைக் கையை நான் மடித்துவிட்டேன். தோலைத் துடைத்துப் பட்டையை ஒட்டிக்கொண்டார். வள்ளியம்மா அந்த ஒயரையும் பெட்டியையும் பயந்து பயந்து பார்த்துக்கொண்டு எதிரில் வந்து நின்றார்.

பொத்தானை அமுக்கினார். விரல்கள் விரிந்தன, அரை மனதாக. சோற்றுக்குள் விட்டுத் தோளை அசைத்து அசைத்துப் பிசைந்தார். மறுபடி அமுக்கினார். கை பாய்ந்து மூடியது. சோறு விரலிடுக்கெல்லாம் பிதுங்கி வேட்டியில் விழுந்தது. நெற்றி வேர்வையை இடது தோளில் துடைத்துக்கொண்டு, திருகை இம்மி குறைத்தார். மறுபடி விரித்தார். மறுபடி மூடினார். இந்த முறை வந்துவிட்டது. இறுகவும் இல்லை, உதிரவும் இல்லை. தோள் நடுங்க நடுங்க அந்தக் கையைத் தூக்கி, தங்கை நீட்டியிருந்த வலது உள்ளங்கைக்கு மேலே கொண்டுபோனார்.

விரிக்கப் பொத்தானை அமுக்கினார்.

விரல் விரியவில்லை.

இன்னொரு முறை அமுக்கினார். திருகைக் கூட்டினார். முழங்கைக்குக் கீழே தசை துள்ளுவது எனக்கே தெரிந்தது. விரல்கள் மூடியது மூடியபடியே இருந்தன. காலையில் யாரும் இல்லாத தட்டுக்கு உருண்டை பிடித்துப் பிடித்தே அந்தக் கை களைத்துவிட்டது. அண்ணனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூடிய கையோடு, அதை மெல்லத் தன் பக்கம் இழுக்க ஆரம்பித்தார்.

“விடு வள்ளி. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“இழுக்காதீங்கண்ணே” என்றார் வள்ளியம்மா. “அன்னைக்கு நான் இழுத்தேனே, அது போதும். எதுக்கு இழுத்தேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியல.”

சொல்லிக்கொண்டே வலது உள்ளங்கையை அண்ணன் கைக்கு அடியில் ஏந்தினார். இன்னொரு கையால், இடது கையால், அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். சுண்டு விரல், மோதிர விரல் என்று குழம்பும் சோறும் ஒட்டிக்கொண்டு வர வர, அவசரப்படாமல் பிரித்தார். உருண்டை பாதி உடைந்து உள்ளங்கையில் விழுந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டார். பிறகு இடது கை விரல்களில் ஒட்டியிருந்த பருக்கைகளையும், ஒன்றுவிடாமல், அண்ணன் பார்க்கப் பார்க்கத் தின்றார்.

கமலநாதன் அண்ணன் பெட்டியை அணைத்தார். பட்டைகளைப் பிரித்து என்னிடம் கொடுத்தார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை. இடது கையைக் கழுவிக்கொண்டு வந்து அம்மாவின் இலையில் வைத்துப் பிசைய ஆரம்பித்தார். ரெங்கசாமி கையை நீட்டினார். கடைசியாக நானும் நீட்டினேன். கரண்டிகளை யாரும் எடுக்கவில்லை.